கைம்பெண்ணின் பெயர் எந்த வரியில்?

1890 ஜூன் மாதம் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, டென்னசி மாநிலத்தின் மலைக்கிராமங்களுக்குப் போன கணக்கெடுப்பாளர்கள் இரண்டு வகைத் தாள்களை எடுத்துச் சென்றார்கள். ஒன்று எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான படிவம். மற்றொன்று சிலருக்கு மட்டுமே உரியது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஒன்றிய அரசின் தரைப்படையிலோ கடற்படையிலோ பணியாற்றி, அன்றும் உயிரோடு இருந்தவர்களை அதில் எழுத வேண்டும். அப்படிப் பணியாற்றி இறந்தவர்களின் மனைவியரையும் எழுத வேண்டும்.

போர் முடிந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. இருபது வயதில் துப்பாக்கி தூக்கியவர்கள் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். ஏர் பிடிக்க முடியாதவர்களும் கோடரி வீச முடியாதவர்களும் அவர்களில் ஏராளம். அவர்கள் பெயரை எழுதிய தாள்களில் ஒரு பகுதி இன்றும் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் தங்கள் முன்னோரைத் தேடுகிறவர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள். எனக்கு அவற்றில் வேறொரு பாடம் தெரிகிறது. உதவி கொடுப்பதாக ஓர் அரசு சட்டம் போட்டுவிடலாம். அதைப் பெறத் தகுதி உண்டு என்று நிரூபிக்கும் சுமையை யார் தலையில் வைக்கிறது என்பதில்தான் அந்தச் சட்டத்தின் நெஞ்சம் தெரியும்.

படிவத்தின் மேல்பாதியில் பெயர், பதவி, கம்பெனி, ரெஜிமெண்ட் அல்லது கப்பல், படையில் சேர்ந்த நாள், விலகிய நாள், மொத்தப் பணிக்காலம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள். கீழ்ப்பாதியில் அதே வரி எண்ணுக்கு நேரே அஞ்சல் முகவரி, போரினால் ஏற்பட்ட உடற்குறை, பிற குறிப்புகள். அந்த உடற்குறைக் கட்டத்தைக் கீழ்நோக்கிப் படித்துக்கொண்டே போனால் போர் என்பது என்ன என்று விளங்கும். குண்டுக் காயங்கள் இருக்கின்றன. ஆனால், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, மூட்டுவாதம், மூலம், காது மந்தம், வெயில் தாக்கிய தலைவலி என்பவையே திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தப் போரில் இறந்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் நோயால் இறந்தார்கள். பிழைத்தவர்களும் அந்த நோய்களைச் சுமந்துகொண்டுதான் ஊர் திரும்பினார்கள். குறிப்புக் கட்டத்தில், படைவிலக்குச் சான்று தொலைந்துவிட்டது என்ற செய்தியும் அடிக்கடி வருகிறது.

தொலைந்த அந்தத் தாளில்தான் கதையே இருக்கிறது. படையிலிருந்து மதிப்போடு விடுவிக்கப்பட்டவர் என்று காட்டினால்தான் ஓய்வூதியம். காயமோ நோயோ பணியில் வந்தது என்று மெய்ப்பிக்க மருத்துவக் குறிப்பு வேண்டும். அது இல்லையென்றால் அதிகாரி ஒருவரோ உடன் இருந்த தோழர்கள் இருவரோ சாட்சி சொல்ல வேண்டும். அந்தத் தோழர்கள் எங்கே? போருக்குப் பின் லட்சக்கணக்கானோர் மேற்கே நிலம் தேடிப் போய்விட்டார்கள். டென்னசி மலையில் இருப்பவர், தன் கூடாரத்தில் உடன் படுத்திருந்தவர் கான்சாஸில் இருக்கிறாரா, ஓரிகனில் இருக்கிறாரா, இறந்தே போனாரா என்று எப்படி அறிவார்? முதியோர் உதவித்தொகைக்காகச் சான்றிதழ் தேடிக் கிராம அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடையாய் நடந்த குடும்பங்களுக்கு இந்த அலைச்சலை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு வழிதான் அந்தச் சிறப்புப் படிவம். 1889 மார்ச் 1-ல் நிறைவேறிய கணக்கெடுப்புச் சட்டம், உயிரோடிருக்கும் ஒன்றியப் படையினரின் பெயர், படைப்பிரிவு, பணிக்காலம் ஆகியவற்றையும் கைம்பெண்களின் விவரங்களையும் திரட்டும்படி கணக்கெடுப்புத் தலைவருக்குக் கட்டளையிட்டது. முன்னாள் வீரர்களின் அமைப்பான ‘கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்’ அப்போது நான்கு லட்சம் உறுப்பினர்களோடு அரசியல்வாதிகள் அஞ்சும் சக்தியாக இருந்தது. திரட்டிய பட்டியலை அச்சிட்டு நூலகங்களிலும் வீரர் சங்கங்களிலும் வைப்பது திட்டம். ஒருவர் தன் ரெஜிமெண்டைத் தேடி, யார் எந்த ஊரில் இருக்கிறார் என்று பார்த்து, கடிதம் எழுதிச் சாட்சி வாங்கிக்கொள்ளலாம். சிதறிப்போன தோழர்களின் முகவரியை அரசே தேடித் தருகிறேன் என்றது. 19-ஆம் நூற்றாண்டில் வேறு எந்த நாடும் தன் சாதாரணச் சிப்பாய்க்காக இவ்வளவு தூரம் நினைத்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. இதற்காக அந்த அரசைப் பாராட்டத்தான் வேண்டும்.

திட்டம் முழுதாக நிறைவேறவில்லை. விடுபட்ட விவரங்களைக் கேட்டுக் கடிதங்கள் போயின, எழுத்தர்கள் சரிபார்த்தார்கள், ஆனால் அச்சிடும் பணத்தை நாடாளுமன்றம் ஒதுக்கவில்லை. தாள்கள் ஓய்வூதியத் துறைக்கு மாற்றப்பட்டன. வீரர்கள் கையில் இருந்திருக்க வேண்டிய பட்டியல், அவர்கள் கோரிக்கையைச் சோதிக்கும் அதிகாரிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

*

இந்தத் தாள்களை ஒரு நாட்டின் அளவில் பார்ப்பதைவிட ஒரு சிற்றூர் வட்டாரத்தின் அளவில் பார்ப்பதே நல்லது. டென்னசி, அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களில் ஒன்று. ஆனால் அதன் கிழக்குப் பகுதி மலைநாடு. பெரும் பருத்திப் பண்ணைகள் இல்லை, அடிமைகளை வைத்திருந்தவர்களும் குறைவு. 1861 ஜூன் 8-ல் பிரிவினை பற்றி வாக்கெடுப்பு நடந்தபோது மாநிலம் பிரிவினைக்கு வாக்களித்தது. கிழக்கு டென்னசியோ இரண்டுக்கு ஒன்று என்ற அளவையும் தாண்டி எதிர்த்தது. கம்பர்லாந்து பீடபூமியில் உள்ள ஸ்காட் கவுண்டியில் எதிர்ப்பு 95 விழுக்காட்டுக்கும் மேல். வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு அதன் தலைநகரான ஹன்ட்ஸ்வில்லுக்கு வந்து பிரிவினைக்கு எதிராகப் பேசியவர் செனட்டர் ஆண்ட்ரூ ஜான்சன், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். மாநிலம் பிரிந்ததும் அந்தக் கவுண்டி, தான் மாநிலத்திலிருந்தே பிரிந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1986-ல்தான் அதை முறைப்படி திரும்பப் பெற்றார்கள்.

தீர்மானம் போட்டது எளிது. படையில் சேர விரும்பிய இளைஞர்கள் எதிரியின் காவலுக்குத் தப்பி, இரவில் மலைப்பாதைகளில் நடந்து, வடக்கே கென்டக்கி மாநிலத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே கேம்ப் டிக் ராபின்சன் என்ற முகாமில் 1861 ஆகஸ்ட் முதல் கிழக்கு டென்னசிக்காரர்களின் ரெஜிமெண்டுகள் திரண்டன. பின்னால் மனைவியும் பிள்ளைகளும் எதிரிப் படை நடமாடும் ஊரிலேயே தங்கினார்கள். போர்க்காலம் முழுவதும் அந்தப் பெண்கள்தான் உழுதார்கள், அறுத்தார்கள், பன்றியையும் மாட்டையும் காட்டில் ஒளித்து வைத்தார்கள். கணவர் சீருடை அணிந்த நாள்களைப் படிவம் ஆண்டு, மாதம், நாள் என்று கணக்கிட்டது. அவர்கள் காத்த நாள்களுக்குக் கட்டம் இல்லை.

இந்த ரெஜிமெண்டுகளுக்கு நேர்ந்தவை ஊர்களையே வெறுமையாக்கின. 1863 நவம்பர் 6-ல் ராஜர்ஸ்வில் அருகே நடந்த சண்டையில் இரண்டாம் கிழக்கு டென்னசி ரெஜிமெண்டில் பெரும்பகுதி பிடிபட்டது. கைதிகள் ரிச்மண்டில் இருந்த பெல் தீவுக்கும், அடுத்த ஆண்டு ஜார்ஜியாவில் இருந்த ஆண்டர்சன்வில் சிறைமுகாமுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். ஆண்டர்சன்வில்லில் அடைக்கப்பட்டோர் சுமார் 45,000. அவர்களில் ஏறத்தாழ 13,000 பேர் பசியாலும் நோயாலும் மடிந்தார்கள். சிறையிலிருந்து விடுபட்டவர்களையும் விதி விடவில்லை. 1865 ஏப்ரல் 27-ல், வீடு திரும்பும் கைதிகளை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு மிசிசிப்பி ஆற்றில் போன ‘சுல்தானா’ என்ற நீராவிக் கப்பல் மெம்பிஸ் அருகே வெடித்து எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்றாம் டென்னசி குதிரைப்படையைச் சேர்ந்த கிழக்கு டென்னசிக்காரர்கள் பலர் அந்தக் கப்பலில் இருந்தார்கள். போர் முடிந்துவிட்டது, வருவார் என்று வாசலைப் பார்த்திருந்த பெண்களுக்குப் பிணம்கூடக் கிடைக்கவில்லை.

பிணம் இல்லை, கல்லறை இல்லை, பார்த்தவரும் இல்லை. இந்த நிலையில் ஒரு பெண் தன் கணவர் இறந்ததை எப்படி மெய்ப்பிப்பாள்? ஆண்டர்சன்வில்லைப் பொறுத்தவரை விடை ஒரு தனி மனிதரின் துணிவில் இருக்கிறது. டோரன்ஸ் அட்வாட்டர் கனெக்டிகட் மாநிலத்து இளைஞர். பதின்ம வயதிலேயே கைதியானவர். கையெழுத்து நன்றாக இருந்ததால் முகாம் மருத்துவமனையில் இறப்புப் பதிவேடு எழுத வைத்தார்கள். தெற்கத்திய அதிகாரிகள் இந்தப் பட்டியலை ஒருநாளும் வெளியே கொடுக்க மாட்டார்கள் என்று அஞ்சி, அவர் இன்னொரு நகலை ரகசியமாக எழுதி, சட்டைக்குள் மறைத்து வெளியே கொண்டுவந்தார். 1865 கோடையில் செவிலியர் கிளாரா பார்ட்டனும் அவரும் ஆண்டர்சன்வில்லுக்குப் போய், பட்டியலோடு ஒப்பிட்டு, கல்லறை கல்லறையாகப் பெயர் எழுதிய பலகைகள் நட ஏற்பாடு செய்தார்கள். பெயர் தெரியாதவை என்று மிஞ்சியவை 460 மட்டுமே.

அந்தப் பட்டியலுக்காக அட்வாட்டரை ஒன்றிய அரசின் படைத்துறையே திருட்டுக் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளியது. பட்டியல் அரசின் சொத்து என்பது அதன் வாதம். வெளியே வந்ததும் அவர் 1866-ல் ‘நியூயார்க் டிரிப்யூன்’ வழியாக அதை அச்சிட்டு வெளியிட்டார். ஒவ்வொரு பெயரும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த சான்று. இருபது வயதுச் சிப்பாய்க்குப் புரிந்த இந்த உண்மை, கோப்புகளைக் கட்டியாண்ட துறைக்குப் புரியவில்லை.

*

இனி 1890-ன் படிவத்தில் அந்தப் பெண் எங்கே வருகிறாள் என்று பார்ப்போம். கணக்கெடுப்பாளர் அவள் பெயரை எழுதி, இன்னாரின் கைம்பெண் என்று சேர்த்து, கணவர் பெயரை எழுதுவார். அதற்குப் பிறகு அந்த வரியில் வருவன எல்லாம் அவருடையவை: அவர் பதவி, அவர் கம்பெனி, அவர் சேர்ந்த நாள், அவர் விலகிய நாள். அஞ்சல் முகவரி மட்டும் அவளுடையது. அவள் எப்போது மணந்தாள், எத்தனை பிள்ளைகள், எப்படிப் பிழைக்கிறாள், அவர் எதனால் இறந்தார், அதை யார் அறிவார் என்பதற்கெல்லாம் கட்டம் கிடையாது. ஓய்வூதியத் துறை அவளிடம் கேட்கப்போகும் கேள்விகளோ சரியாக இவைதாம்.

வீரருக்குத் தோழர்களின் முகவரியைத் தேடித் தர இந்தத் தாள் பயன்பட்டிருக்கும். அவளுக்கு வேண்டிய சாட்சிகள் வேறு. திருமணத்தைப் பார்த்தவர்கள், பிள்ளை பிறக்கும்போது உடனிருந்த மருத்துவச்சி, நோயில் கிடந்த கணவரைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டுக்காரி. அவர்கள் யாரும் எந்த ரெஜிமெண்டின் பட்டியலிலும் இல்லை. வழக்கறிஞர்களும் முகவர்களும் இடையில் புகுந்து, எழுதத் தெரியாத பெண்களுக்காக விண்ணப்பம் எழுதினார்கள். சந்தேகம் வந்தால் துறையின் சிறப்பு ஆய்வாளர் மலையேறி வந்து, ஊராரைத் தனித்தனியே உட்கார வைத்து வாக்குமூலம் வாங்கினார்.

வாக்குமூலத்தில் என்ன கேட்டார்கள் என்பது முக்கியம். மறுமணம் செய்துகொண்டால் ஓய்வூதியம் நிற்கும் என்பது முதலிலிருந்தே விதி. 1882 ஆகஸ்ட் 7-ல் வந்த சட்டம், மறுமணம் செய்யாமலே இன்னொருவரோடு வெளிப்படையாகக் கூடி வாழ்கிறாள் என்று தெரிந்தாலும் நிறுத்தலாம் என்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு கைம்பெண்ணின் நடத்தையும் அரசுக் கோப்பின் பொருளாயிற்று. வயலில் கூட உழைக்கும் ஆள், வாடகைக்குத் தங்கியவர், விறகு வெட்டித் தரும் உறவினர் என்று எவரையும் வைத்து ஊர் வாய் ஒரு கதை கட்டலாம். கோபம் கொண்ட அண்டை வீட்டார் ஒருவர் கடிதம் போட்டால் ஆய்வாளர் வந்துவிடுவார். கணவரின் வீரத்துக்குக் கொடுத்த பணத்துக்கு மனைவியின் ஒழுக்கத்தைப் பிணை கேட்டது அந்தச் சட்டம். அதைச் செய்தவர்கள் தாங்கள் கைம்பெண்களைக் காப்பதாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நான் ஏற்கவில்லை.

எவ்வளவு பணம்? 1862 சட்டத்தின்படி பணியால் இறந்த சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 8 டாலர். 1886-ல் அது 12 ஆயிற்று. கணக்கெடுப்பாளர்கள் ஊர் சுற்றிக்கொண்டிருந்த அதே மாதத்தில், 1890 ஜூன் 27-ல், குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்திட்ட புதிய சட்டம் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. 90 நாள் பணியாற்றியிருந்தால் போதும். உழைக்க முடியாத நிலை எதனால் வந்தது என்ற கேள்வி இல்லை. கைம்பெண்ணும் கணவரின் சாவு போரால் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தன் அன்றாட உழைப்பைத் தவிர வேறு பிழைப்பு இல்லாதவளாக இருந்தால் மாதம் 8 டாலர், பதினாறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 2 டாலர்.

நிரூபிக்கும் சுமையில் ஒரு பகுதியை எடுத்ததும் என்ன நடந்தது என்று பாருங்கள். 1893-ல் ஓய்வூதியம் பெற்றோர் எண்ணிக்கை 9 லட்சத்து 66 ஆயிரத்தைத் தொட்டது. ஒன்றிய அரசின் வருவாயில் ஏறத்தாழ 40 விழுக்காடு அதற்கே போயிற்று. ஊதாரித்தனம், மோசடி என்று பத்திரிகைகள் கூச்சலிட்டன. மோசடியும் இருந்தது உண்மை. ஆனால் அந்த லட்சங்களில் எத்தனை பேர், தகுதி இருந்தும் ஒரு சாட்சி கிடைக்காமல் கால் நூற்றாண்டு வெறுங்கையோடு இருந்தவர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கறுப்பினப் பெண்களின் நிலை இன்னும் கடினம். சுமார் 1,79,000 கறுப்பினத்தவர் ஒன்றியத் தரைப்படையில் பணியாற்றினார்கள். கிழக்கு டென்னசியின் நாக்ஸ்வில்லிலேயே 1864-ல் கறுப்பினப் பீரங்கிப் படை ஒன்று அமைந்தது. அடிமையாக இருந்தவர்களின் திருமணத்தை எந்தச் சட்டமும் ஏற்றதில்லை; எந்தப் பதிவேடும் எழுதியதில்லை. 1864-ல் நாடாளுமன்றம், சேர்ந்து வாழ்ந்ததை நம்பத்தகுந்த சாட்சிகள் மூலம் காட்டினால் போதும் என்று வழிவிட்டது. நல்ல திருத்தம்தான். ஆனால் சாட்சிகள் விற்கப்பட்டுப் பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தார்கள். பண்ணை முதலாளியின் குடும்பப் பெயரில் படையில் சேர்ந்த ஒருவர், விடுதலைக்குப் பின் தன் தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டிருப்பார். கோப்பில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர். 1890 படிவங்களில் பல வரிகளில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்கள் எழுதியிருப்பதைக் காணலாம். அந்த இரண்டாம் பெயரை மறக்காமல் கேட்டு எழுதிய கணக்கெடுப்பாளர், ஒரு குடும்பத்தின் வழக்கையே காப்பாற்றியிருக்கக்கூடும்.

*

பட்டியலுக்கு வெளியே நின்றவர்களையும் சொல்லியாக வேண்டும். கம்பர்லாந்து மலைகளில் படைகளுக்கு இடையே நடந்த சண்டையைவிட அண்டை அயலாருக்கு இடையே நடந்த சண்டை கொடியது. தெற்குத் தரப்பில் சாம்ப் ஃபெர்குசன், ஒன்றியத் தரப்பில் ‘டிங்கர்’ டேவ் பீட்டி என்று கொரில்லாக் கூட்டங்கள் ஊர்களைச் சூறையாடின. முறையாகப் படையில் பதிவாகாமல் ஊரைக் காக்க நின்று, வீட்டு வாசலிலேயே சுடப்பட்டு இறந்தவரின் மனைவிக்குப் படிவத்தில் வரி இல்லை. ரெஜிமெண்ட் என்ற கட்டத்தில் எழுத அவளிடம் எதுவும் இல்லை.

எதிர்த்தரப்பில் போரிட்டவர்களின் மனைவியருக்கும் இல்லை. பொதுப் படிவத்தில் இரு தரப்பையும் பற்றிக் கேள்வி இருந்தது. அதிலிருந்து திரண்ட கணக்கு: ஒன்றியப் படையினர் 10 லட்சத்துக்கும் மேல், தெற்குப் படையினர் சுமார் 4 லட்சத்து 32 ஆயிரம், ஒன்றியத் தரப்புக் கைம்பெண்கள் சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம், தெற்குத் தரப்பில் சுமார் 60 ஆயிரம். ஆனால் பெயரை எழுதும் சிறப்புப் படிவம் ஒன்றியத் தரப்புக்கு மட்டுமே. அடிமை முறைக்காக ஆயுதம் எடுத்தவர்களுக்கு ஒன்றிய அரசு ஓய்வூதியம் கொடுக்கவில்லை என்பதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். அந்தப் போரை யார், எதற்காகத் தொடங்கினார்கள் என்பதில் மழுப்பல் கூடாது. இருந்தாலும் பிரிவினைக்கு வாக்களிக்கும் உரிமையே இல்லாத ஒரு பெண்ணை, கணவர் தேர்ந்த தரப்புக்காக ஏட்டிலிருந்தே நீக்குவது வேறு விஷயம்.

கிராமத்துக் கணக்கெடுப்பாளர்கள் பலர் அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. தென்மாநிலங்களின் தாள்களில் தெற்குப் படையினரின் பெயர்களும் அவர்கள் மனைவியர் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. மேலதிகாரிகள் பிறகு அவற்றைக் கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். விதியை அறியாமல் எழுதினார்களோ, ஊரில் கண்ட கைம்பெண்களைப் பிரித்துப் பார்க்க மனம் வராமல் எழுதினார்களோ, காரணம் தாளில் இல்லை. அடித்த கோட்டின் அடியில் பெயர்களை இன்றும் படிக்க முடிகிறது என்பதே ஆய்வாளர்களுக்குப் பெரிய கொடை. டென்னசி மாநில அரசு தெற்குப் படையினருக்கு 1891-ல்தான் ஓய்வூதியம் தரத் தொடங்கியது, கைம்பெண்களுக்கு 1905-ல். ஒன்றிய அரசு அவர்களையும் சேர்க்க 1958 வரை ஆயிற்று. அதற்குள் அனேகமாக எல்லோரும் இறந்துவிட்டார்கள்.

மாறாக, தரப்பு மாறிய ஒருவரின் வீட்டில் என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. வட கரோலினாவைச் சேர்ந்த ஒருவர் தெற்குப் படையிலிருந்து ஓடி, ஒன்றியப் படையில் சேர்ந்தார். அவர் முதுமையில் மறுமணம் செய்து பெற்ற, உடல்குறை உள்ள மகள், அந்தப் பணிக்காக மாதம் 73 டாலர் 13 செண்ட் பெற்றுவந்தார். அந்த மகள் 90-ஆம் வயதில் இறந்தது 2020 மே 31-ல். உள்நாட்டுப் போரின் கடைசி ஓய்வூதியம் அன்றுதான் நின்றது. ஓர் ஏட்டில் எழுதிய ஒரு ரெஜிமெண்ட் பெயர் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் சோறு போட்டிருக்கிறது. ஏட்டில் ஒரு பெயர் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியாது.

*

அவ்வளவு பெரிய விஷயத்தை அரசு எப்படிக் காத்தது? 1921 ஜனவரி 10 மாலை, வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. 1890-ன் பொதுப் படிவங்கள் காப்பறைக்குள் வைக்கப்படாமல் வெளியே அடுக்கிக் கிடந்தன. கால் பங்கு எரிந்தது. இன்னொரு பாதி நீரிலும் புகையிலும் கெட்டது. கெட்டவற்றைச் சீர்படுத்தும் முயற்சி நடக்கவில்லை. 1932 டிசம்பரில் கணக்கெடுப்புத் துறை, இனித் தேவையில்லாத தாள்கள் என்று கொடுத்த பட்டியலில் இவற்றையும் சேர்த்தது. 1933 பிப்ரவரி 21-ல் நாடாளுமன்றம் அழிக்க அனுமதி வழங்கியது. அதற்கு முந்தின நாள்தான் குடியரசுத் தலைவர் ஹூவர் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். ஏறத்தாழ 6 கோடியே 30 லட்சம் பேரை எழுதிய தாள்களில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 6,160 பெயர்கள். தீ ஒரு பங்கைத்தான் தின்றது. மீதியை அழித்தவை கவனக்குறைவும் ஒரு கையெழுத்தும்.

வீரர்கள், கைம்பெண்கள் படிவம் ஓய்வூதியத் துறையில் வேறு கட்டடத்தில் இருந்ததால் அந்தத் தீக்குத் தப்பியது. ஆனால் 1943-ல் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஆங்கில அகரவரிசையில் அலபாமா முதல் கான்சாஸ் வரையிலான மாநிலங்களின் தாள்கள் சில துண்டுகள் தவிர இல்லை. கென்டக்கியில் பாதி இல்லை. டென்னசியின் தாள்கள் வரிசையில் பின்னால் இருந்ததால் பிழைத்தன. அதனால்தான் ஸ்காட் கவுண்டியின் மலைவாசி ஒருவரின் மூட்டுவலியை நாம் இன்று படிக்க முடிகிறது. அயோவாவிலோ இந்தியானாவிலோ வாழ்ந்த அவர் தோழரின் வரி போய்விட்டது. பொதுப் படிவமும் அழிந்ததால், அந்த ஆண்டில் அந்த ஊர்களில் யார் இருந்தார்கள் என்பதற்குப் பல இடங்களில் இந்த வீரர் தாள்கள்தான் முதன்மையான சான்று. கைம்பெண்ணின் பெயர் அந்தப் பத்தாண்டில் வேறெங்கும் எழுதப்பட்டிராத குடும்பங்களும் உண்டு. இரண்டாம் வரிசையில் கணவரின் நிழலில் நிறுத்தப்பட்டாலும் அந்தக் கணக்கெடுப்பாளர் அவள் பெயரை எழுதினாரே என்று நன்றி சொல்லத் தோன்றுகிறது.

உலகின் பல மூலைகளில் இன்றும் போர்கள் முடிகின்றன, கைம்பெண்கள் எண்ணப்படுகிறார்கள். எண்ணிக்கை அறிக்கையில் ஏறுகிறது. பெயர் எங்கோ ஒரு கோப்பில் நிற்கிறது. இந்த வேலையைச் செய்யப்போகும் அரசுகளிடமும், அவற்றுக்குப் படிவம் வரைந்து தரும் அறிஞர்களிடமும் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. கைம்பெண்ணின் பெயருக்குத் தனி வரி கொடுங்கள். திருமணத்தையும் சாவையும் அறிந்தவர் யார் என்று அவளிடமே கேட்டு அன்றே எழுதிக்கொள்ளுங்கள், இருபத்தைந்து ஆண்டு கழித்து அவளைச் சாட்சி தேட அனுப்பாதீர்கள். உதவித்தொகை எந்தத் தரப்புக்கு என்பதைப் பிறகு சட்டம் முடிவு செய்யட்டும். பெயரை எழுதும்போது தரப்புப் பார்க்காதீர்கள். எழுதியதில் ஒரு நகலை அவளிடமும் இன்னொன்றை வேறு ஊரிலும் வையுங்கள். படிவம் அச்சாகும் முன்பே இதையெல்லாம் கேட்டுவிட வேண்டும். அச்சான பிறகு, வீட்டு வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இல்லாத கட்டத்தில் அவரால் எதையும் எழுத முடியாது.